தாடிக்குள் அழுத பிள்ளை

பிள்ளை தொட்டிலில் கிடக்கிறது, அதன் அழுகை மட்டும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் உங்கள் வீட்டுக்காரரின் தாடிக்குள்ளிருந்து கேட்கிறது என்றால், நீங்கள் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்?

நான் இரண்டு பக்கமும் ஓடியிருக்கிறேன். வீட்டுக்கும் டீக்கடைக்கும் நடுவில் ஊருணிக் கரையில் என் கால் பட்டுப் பட்டே ஓர் ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டது. ஆடு பத்துகிறவர்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் இப்போது அதில்தான் போகிறார்கள், யார் போட்ட பாதை என்று ஒருவரும் கேட்பதில்லை.

எங்கள் ஊர் மஞ்சநேந்தல். சீமைக்கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி லாரியில் ஏற்றுகிற ஊர். எங்கள் பக்கம் பெண்டாட்டி மாசமாக இருந்தால் புருசன் முகத்தில் கத்தி படக் கூடாது. உள்ளே பிள்ளை வளர வளர வெளியே அப்பன் முகத்தில் தாடி வளரும், பிள்ளை பிறந்து தீட்டுக் கழிந்த பிறகு குலதெய்வத்துக்கு முன்னால் உட்கார்ந்து அதை இறக்கி வைப்பார்கள். என் வீட்டுக்காரர் பூமிநாதனும் அப்படித்தான் வளர்த்தார். கரி மூட்டத்தில் வேலை செய்கிற மனிதருக்குத் தாடி என்றால் சும்மா இல்லை, சாயந்திரம் அவர் முகம் கழுவினால் வாய்க்கால் கறுத்து ஓடும். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அவர் தாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், தெருவில் போகிறவர்கள் "ரெண்டு பேருல யாருக்கு முன்னால எறங்குமோ" என்று சிரித்துக்கொண்டே போவார்கள்.

தாலுகா ஆஸ்பத்திரியில் என் மகள் வைகை பிறந்தபோது வாயைத் திறந்தாள், முகம் சிவந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை. அதே நேரம் வெளியே வராந்தாவில் வெந்நீர் பிளாஸ்க்கோடு நின்றிருந்த அவருடைய தாடிக்குள்ளிருந்து குவா குவா என்று பச்சைப் பிள்ளை அழுதது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருத்தி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, பிள்ளைய எங்க ஒளிச்சு வச்சிருக்க? மூச்சு முட்டிரப் போகுது, வெளிய எடு" என்று சொல்லியிருக்கிறாள். டாக்டர் பிள்ளையின் தொண்டைக்குள் லைட் அடித்துப் பார்த்தார், பிறகு தாடிக்குள்ளும் லைட் அடித்துப் பார்த்தார், இரண்டிலும் ஒரு குறையும் இல்லை என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். குறை இல்லையென்று டாக்டரே சொன்ன பிறகு நாங்கள் என்ன செய்ய, பிள்ளையை நான் தூக்கிக்கொண்டேன், அழுகையை அவர் தூக்கிக்கொண்டார், ஆட்டோ பிடித்து ஊருக்கு வந்தோம்.

தீட்டுக் கழிந்து தாடி இறங்கினால் சத்தம் தானாகப் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்றுதான் ஊரே சொன்னது. நாங்களும் நம்பினோம். ஆனால் கோயிலுக்குப் போகிற அன்று காலையில், போட்டோவில் லட்சணமாகத் தெரிய வேண்டும் என்று என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாப்பில் இருக்கிற நண்பர்கள் சலூனுக்குப் போய், ஓரத்தை மட்டும் ஒதுக்கிவிடச் சொல்லி உட்கார்ந்தார். கடைக்காரன் குணசீலன் அவரோடு ஒன்றாகப் படித்தவன். டிரிம்மரை வலது காதுக்குக் கீழே வைத்து ஒரு இழுப்புத்தான் இழுத்தான். துண்டு துண்டாக முடி தரையில் விழுந்தது, விழுந்த முடி தரையில் கிடந்து விக்கியது. ஒரு பச்சைப் பிள்ளையின் விக்கல். குணசீலன் டிரிம்மரைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து அள்ளப் பார்த்திருக்கிறான், காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது, அது நிற்பதற்குள் விக்கல் நின்றுவிட்டது. அன்றிலிருந்து வைகைக்கு விக்கல் எடுத்தால் நெஞ்சு மட்டும் துள்ளும். அவளிடமும் சத்தம் இல்லை, தாடியிடமும் இல்லை. அது போனது போனதுதான்.

அதற்குப் பிறகு அந்தத் தாடியில் யார் கை வைப்பார்கள்?

நாள் போகப் போக ஊர் பழகிக்கொண்டது. டீக்கடையில் தாடி சிணுங்கினால் நாலு பேர் ஒரே நேரத்தில் திரும்பி, "மாப்ளே, இது பசிச்ச அழுகை, டீய வச்சிட்டுக் கெளம்பு" என்பார்கள். பசிக்கு ஒரு மாதிரி, ஈரத்துக்கு ஒரு மாதிரி, தூக்கத்துக்கு ஒரு மாதிரி என்று எல்லாம் அவர்களுக்குத் தெரிந்துபோனது. தன் பிள்ளையைத் தூக்கி அறியாத ஆம்பளைகள்கூட என் பிள்ளையின் அழுகையைப் பிரித்துச் சொன்னார்கள். மூட்டத்தில் அவரைப் புகைப் பக்கம் விடாமல் விறகு அடுக்கும் பக்கம் மாற்றினார்கள், தாடி இருமும் என்று. பஸ்ஸில் தாடி அழுதால் எந்த ஊர்ப் பெண்ணாவது எழுந்து வந்து அவர் முகத்துக்கு எதிரே நின்று ஆராரோ பாடுவாள், தாடி தூங்கும், கூடவே அவரும் தூங்கிவிடுவார், கண்டக்டர் விசில் அடிக்காமல் பஸ்ஸின் தகரத்தை மெல்லத் தட்டி நிறுத்துவார். ஒருநாள் ஒரு சாவு வீட்டில் போய் உட்கார்ந்திருந்தபோது தாடி கெக்கெக்கே என்று சிரித்துவிட்டது. அவர் பதறி எழுந்து வெளியே போகப் போனார். புருசனைப் பறிகொடுத்தவள் தலையை நிமிர்த்தி, "போகாதய்யா, இன்னஞ் செத்த இரு" என்றாள். அவர் இருந்தார். சவம் எடுக்கிற வரைக்கும் தாடி அவ்வப்போது சிரித்துக்கொண்டே இருந்தது, யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை.

என் மாமனார் கூரியய்யாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அப்பனும் மகனும் ஒரே வீட்டில் இருந்தும் பேச்சு குறைவு. சண்டை ஒன்றும் இல்லை, பழக்கம் இல்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்டவர், மகன் வேலை முடிந்து வந்ததும் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, தாடியை விலக்கிப் பிடித்து, "என்ன செல்லாத்தா, அப்புவத் தேடுனியா, கஞ்சி குடிச்சியா" என்று கேட்பார். அப்பு என்றால் எங்கள் பக்கம் தாத்தா. உள்ளேயிருந்து ங்கா என்று வரும். என் வீட்டுக்காரர் முகத்தை ஆடாமல் அசையாமல் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார். அப்பனுடைய மூச்சு தன் கன்னத்தில் படுகிற தூரத்தில் அவர் உட்கார்ந்திருந்தது, அவருக்கு விவரம் தெரிந்து அப்போதுதான்.

எல்லோரும் பழகிக்கொண்டார்கள், என் உடம்பு மட்டும் பழகவில்லை. அழுகை கேட்டால் பால் சுரக்கும், பெற்றவளுக்குத் தெரியும். எனக்கு அது புருசன் முகத்தைப் பார்த்துத்தான் சுரந்தது. தொட்டிலில் கிடக்கிற பிள்ளை பசியில் வாயைத் திறந்து திறந்து மூடும், நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன், தெரியாது. அதனால் எந்நேரமும் அவள் முகத்தையே பார்த்தபடி வேலை செய்யப் பழகினேன். கண்ணால் கேட்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் கேட்டுவிடலாம், அவர் வீட்டில் இல்லாத ராத்திரி நான் கண்ணை மூடினால் அவள் ஊமை.

அவள் தவழ்ந்து, எழுந்து, சுவரைப் பிடித்து நிற்கிற காலத்தில், ஒருநாள் என்னைப் பார்த்து உதட்டை ஒட்டிப் பிரித்தாள். நான் சும்மா எச்சில் ஊதுகிறாள் என்று நினைத்தேன். சாயந்திரம் அவர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"காளீ... இன்னைக்கு லோடு ஏத்தயில, தாடி அம்மான்னுச்சு புள்ள."

நான் சிரித்தேன். "யாரு கேட்டா?"

"டிரைவரு கேட்டாரு. லோடுமேன் எல்லாரும் கேட்டாக."

நான் திரும்பவும் சிரித்தேன், பிறகு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என் பிள்ளை என்னை முதல்முதலாகக் கூப்பிட்டதை லாரி டிரைவர் கேட்டிருக்கிறார், நான் கேட்கவில்லை.

அந்த மாதமே அவருக்கு மஸ்கட்டில் வேலை உறுதியாகி வந்தது. எண்ணெய் எடுக்கிற இடம். விஷக்காற்று இருக்கும், முகத்தில் மாஸ்க் மாட்டித்தான் வேலை, தாடி இருந்தால் மாஸ்க் ஒட்டாது, தாடி மழித்த முகத்தோடுதான் விமானம் ஏற வேண்டும் என்று ஏஜெண்டு சொன்னான். கருவேல மரம் அற்றுப்போய் மூட்டம் ஒவ்வொன்றாக அவிந்துகொண்டிருந்த நேரம், வேண்டாம் என்று சொல்ல எங்களால் முடியாது. தாடியோடு போனால் பிள்ளையின் சத்தம் கடல் தாண்டிப் போகும்; அங்கே ஒருவன் மெஷினை வைத்து இழுத்தால் மணலில் விழுந்து அவிந்துபோகும். இங்கேயே எடுத்தால் விக்கல் போனமாதிரி அழுகை, சிரிப்பு, அம்மா எல்லாம் போய்விடுமோ என்று பயம்.

ஒரு மத்தியானம் அவர் தாடிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒற்றை முடி வேரோடு என் விரலில் வந்தது. மடியில் இருந்த வைகை அதைப் பிடுங்கி மூக்கில் வைத்துக்கொண்டாள். அவளுக்குத் தும்மல் வந்தது. அச்.

சத்தமாக. அவள் மூக்கிலிருந்தே.

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம், அவள்தான் ரொம்பப் பயந்துபோனாள். அப்போதுதான் புரிந்தது. முடி முழுசாக அடியிலிருந்து வந்தால் சத்தம் பிள்ளைக்குப் போகிறது, டிரிம்மரில் நறுக்கினால் செத்துப்போகிறது. நான் உடனே அவர் தாடையைப் பிடித்து இன்னொன்றைப் பிடுங்கினேன், இன்னொன்றை, இன்னொன்றை. அவர் எழுந்து ஓடினார்.

"அடியே, நானென்ன கோழியா? எறக்கை உரிக்கிற மாதிரி உரிக்கிற!"

பிடுங்கின இடம் வீங்கிக்கொண்டது, தாடியும் வீல் வீலென்று கத்தியது. பிடுங்குகிற வேலை ஆகாது, தோலோடு ஒட்டி மழிக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தோம். குணசீலன் வீட்டுக்கே வந்தான். பாதி பிளேடு மாட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு அவன் கிட்டே போனதுமே தாடி நீலம் பாய்கிற மாதிரி அழுதது, அழுகிற தாடியோடு சேர்ந்து முகமும் இழுத்துக்கொண்டது, கத்தி எங்கே நிற்கும்? அவன் கையை எடுத்தான். நான் கையை வைத்தேன். அழுகை நின்றது.

"தங்கச்சி, இது உன் கைக்குத்தான் அடங்குது. நீதான் எடுக்கணும்" என்றான் குணசீலன்.

"நானா? அருவாமனை தவிர எனக்கு எந்தக் கத்தியும் தெரியாதுண்ணே."

"தெரிஞ்ச நான் தொட்டா அழுவுதே. நான் என்ன செய்யட்டும், சேலையா கட்டிட்டு வரட்டும்?"

அவனுடைய கத்தியை வாங்கி, முடி இல்லாத மூக்கோரத்தில் சும்மா நுரையை வழித்துப் பார்த்தேன். காகிதம்போல எடையே இல்லாத கத்தி. என் கை நடுக்கம் அப்படியே பிளேடுக்குப் போய், தோலில் கோடு போட்டுவிட்டது. குணசீலன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "பழகுன கைக்குத்தான் இது சரிப்படும். புதுக்கைன்னா மடக்குக் கத்திதான், தன் கனத்துலயே அது உக்காரும். ஆனா எங்கிட்ட இல்ல, இந்தச் சுத்துவட்டாரத்துல எந்தக் கடையிலயும் இருக்காது. மதுரைக்குப் போங்க" என்றான்.

மதுரையில் சந்துக்குள் சந்தாக நுழைந்து போனால் சலூன் சாமான் மட்டும் விற்கிற ஒரு சின்னக் கடை. கடையில் உட்கார்ந்திருந்த அம்மா சீதாபழம் தின்றுகொண்டிருந்தார். பிள்ளையை நான் இடுப்பில் வைத்திருக்க, அழுகை என் வீட்டுக்காரர் தாடியில் கேட்டதும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, விதையைத் துப்பிவிட்டு, "யாரு எடுக்கப் போறது?" என்று மட்டும் கேட்டார்.

"நான்தாங்க. கத்தி புடிச்சதில்ல."

மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். தங்கப் பூ போட்டது, மயில் செதுக்கினது, கண்ணாடிப் பெட்டியில் பிரஷ், கிண்ணம், ஸ்டாண்டு எல்லாம் ஒன்றாக வைத்தது. என் கண் மயிலுக்குத்தான் போனது.

"அது மாப்பிள்ளைக்குப் பரிசு குடுக்கிறவுக வாங்கிட்டுப் போறது, பாப்பா. மூணு நாளு பாத்துட்டுப் பரண்ல போட்டுருவாக. செட்டா வாங்காத. உனக்கு வேண்டியத ஒவ்வொண்ணாப் பாரு."

முனை சதுரமாக இருந்த ஒரு கத்தியை எடுத்தேன். தாடி சிணுங்கியது.

"அது வேணாம். அந்த மூலை இருக்கு பாரு, கை பழகலேன்னா காதோரத்துல குத்தும். மூக்கு உருண்டையா இருக்கிறத எடு. அரிவாமனை முனையில காய் நறுக்குவியா நீ? வயித்துலதான நறுக்குற? இதுவும் அப்படித்தான்."

அந்தப் பேச்சு எனக்கு உடனே விளங்கியது. நடுத்தர அகலத்தில் ஒன்றைக் கொடுத்து, புதிதாகக் கற்கிறவர்களுக்கு இதுதான் கொடுப்பேன் என்றார். பிறகு தாடியின் நீளத்தைப் பார்த்து, கத்திரியால் குறைத்துவிட்டு மழிக்கலாமே என்றார். குறைக்க முடியாது, முழுசாக வேண்டும் என்று நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு முதல் கத்தியை எடுத்து உள்ளே வைத்தார். பின்னால் திரும்பி, இன்னும் அகலமாக, முதுகு தடிமனாக, அலங்காரம் ஒன்றும் இல்லாத ஒரு கறுப்புப் பிடிக் கத்தியை எடுத்து வைத்தார். "நீள முடிக்கு இந்தக் கனம் வேணும். இல்லேன்னா பாதியில நிக்கும்."

மடக்கினபடியே அதை என் வீட்டுக்காரர் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சிணுங்கிக்கொண்டிருந்த தாடி சட்டென்று அடங்கி, பால் குடிக்கிறபோது வருகிற சப்புச் சப்பு என்ற சத்தம் உள்ளேயிருந்து வந்தது. எனக்கு ரவிக்கை நனைந்துவிட்டது. அந்த அம்மா தன் முந்தானையை எடுத்து என் தோளில் போர்த்தினார்.

பிறகு மிச்சத்தைச் சொன்னார். தீட்டுக்கல் இப்போது வாங்காதே, புதுசில் நீயே தீட்டப் போனால் கூர் கெட்டுப்போகும், நான் தீட்டியே தருகிறேன். கத்தியைத் தேய்த்துப் பதமாக்கத் தோல்வார் ஒன்று கட்டாயம் வேண்டும், ஆனால் விலை கூடினது வேண்டாம், பழகாத கை முதல் வாரை வெட்டத்தான் செய்யும். பிரஷ் மெத்தென்று இருந்தால் போதும். சோப்பு எதுவானாலும் நுரை காயாமல் நிற்க வேண்டும். படிகாரக் கட்டி ஒன்று, வெட்டுப் பட்டால் நனைத்துத் தேய்க்க. கடைசியாகக் கேட்டார்: "பயமா இருக்கா?"

"இருக்குதுங்க."

"இருக்கட்டும். பயம் இல்லாதவளுக்கு நான் இந்தக் கத்திய விக்க மாட்டேன்."

ஊருக்கு வந்து பழகினேன். வாரை ஜன்னல் கம்பியில் மாட்டி, கத்தியின் முதுகு முன்னால் போக, கூர்வாய் பின்னால் வர, முதுகின் மேலேயே புரட்டிப் புரட்டித் தேய்த்தேன். இரண்டாம் நாளே வாரில் ஒரு வெட்டு விழுந்தது. மழிப்பதற்குப் பூசணிப் பிஞ்சு. நீர்ப்பூசணிப் பிஞ்சின் மேல் வெள்ளை வெள்ளையாகச் சுணை முடி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதற்கு நுரை போட்டு, தோல் கீறாமல் முடியை மட்டும் எடுக்க வேண்டும். முதலில் எடுத்த பிஞ்செல்லாம் குழம்புக்குப் போனது. எங்கள் கொடியில் பிஞ்சு தீர்ந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் கொடியிலிருந்து கொண்டுவந்தார்கள். வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "காளீ, எம் பூசணிக்குக் கிருதா வச்சு எடு", "எம் பூசணி புது மாப்பிள்ளைடி, பதமாப் பாத்து எடு" என்று கலாட்டா செய்தார்கள். மழித்து முடித்த பிஞ்சைக் கையில் வாங்கித் தடவிப் பார்க்கும்போது மட்டும் யாரும் சிரிக்கமாட்டார்கள். கீறல் இருந்தால் பேசாமல் அடுத்ததை எடுத்துக் கொடுப்பார்கள். அந்தப் பருவம் முழுக்க மஞ்சநேந்தலில் எந்தக் கொடியிலும் காய் முற்றவில்லை.

கீறல் விழாத ஒரு காலையில், குலதெய்வக் கோயில் முன்னால் உடைமரத்து நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தோம். ஊர் வந்திருந்தது. காலை பஸ் வந்து நின்றது, போகவில்லை. இறங்கினவர்களோடு டிரைவரும் இறங்கி நின்றார். வெந்நீரில் துணி முக்கி முகத்தில் ஒற்றி, நுரையைத் தேய்த்து, வைகையை அவர் மடியில் உட்காரவைத்து, அவளைச் சுற்றி வெள்ளை வேட்டியை விரித்தேன், விழுகிற முடி அவள் மேல்தான் விழ வேண்டும் என்று. இடது கையால் காதுக்குப் பக்கத்தில் தோலை மேலே இழுத்துப் பிடித்து, கத்தியைச் சாய்த்து, அதன் கனத்துக்கே விட்டேன்.

முதல் கொத்து அவள் தோளில் விழுந்ததும் பசியழுகை அவள் வாயிலிருந்து வந்தது. என் பிள்ளையின் அழுகை, என் பிள்ளையின் வாயிலிருந்து. தன் சத்தத்தைத் தானே கேட்டுப் பயந்து அவள் இன்னும் அழுதாள், எனக்குப் பால் இறங்கிக் கத்திப் பிடி வழுக்கியது, பின்னாலிருந்து ஒருத்தி வந்து என் கையைத் துடைத்துவிட்டாள், நான் நிறுத்தவில்லை. இடது கன்னத்தில் தூக்கத்துக்கு அழுகிற அழுகை இருந்தது, வலது கன்னத்தில் காய்ச்சலில் முனகின முனகல் இருந்தது, தாடையோரத்தில் இருமல், மோவாயில் ங்காவும் தத்தாவும் மம்மமும், கழுத்துக்குக் கீழே ஆட்டைப் பார்த்துக் கூவின கூவல். ஒவ்வொன்றாக விழ விழ ஒவ்வொன்றாக அவள் வாங்கிக்கொண்டாள். ஒவ்வொன்றுக்கும் ஊர் இது இன்னது என்று மெல்லச் சொன்னது, அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே கேட்டுப் பழகினதுதானே. வலது காதுக்குக் கீழே டிரிம்மர் பட்ட இடத்துக்கு வந்தபோது ஒரு சத்தமும் வரவில்லை. கூட்டத்தில் நின்ற குணசீலன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தாடி முழுக்க இறங்கியது. வருசத்துக்கு மேலாக நான் பார்க்காத மோவாய், வெளுத்துப்போய், சின்னதாக, வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. படிகாரத்தைத் தேய்த்துவிட்டுக் கத்தியை மடக்கினேன். எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

வைகை அழுகையை நிறுத்தி, என்னைப் பார்த்துக் கையை நீட்டி, உதட்டை ஒட்டிப் பிரித்தாள்.

அம்மா என்று கேட்டது. அவள் வாயிலிருந்து இல்லை. அவருடைய மீசையிலிருந்து.

பிறகு அவள் சிரித்தாள். கண்ணும் கன்னமும் சிரித்தன, சத்தம் மீசைக்குள் குலுங்கியது.

நான் கத்தியைத் திரும்பத் திறந்தேன். என் வீட்டுக்காரர் கையால் வாயை மூடிக்கொண்டார்.

"மீசை வேணாம் புள்ள" என்றார். "அப்பா இருக்காக."

அவர் சொன்னதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கம் ஆம்பளை மீசையை ஒரே ஒரு தடவைதான் எடுப்பான், அப்பன் சவத்துக்குக் கொள்ளி வைக்கிற அன்று. அப்பன் உயிரோடு இருக்க மகன் மீசையை எடுத்தால் அப்பனைச் சாகச் சொன்னதற்குச் சமம். மீசைக்காரனைப் பார்த்து யாரும் எடு என்று சொல்லமுடியாது. பெண்டாட்டி சொல்லவே முடியாது.

"சின்னதா வச்சுக்கிட்டா மாஸ்க்குக்குள்ள அடங்கிரும்னு ஏஜெண்டு சொல்லியிருக்கான்ல" என்றார் ஒருவர். "ரெண்டு வருசந்தானப்பா, வந்ததும் பாத்துக்கலாம்" என்றார் இன்னொருவர். நான் என் மகளைப் பார்த்தேன். அழுகை எல்லாம் எனக்கு வந்தாகிவிட்டது. சிரிப்பும், என்னைக் கூப்பிடுகிற ஒரே சொல்லும் பெட்டியோடு மஸ்கட்டுக்குப் போகப் போகின்றன. என்னால் கத்தியை மடக்கவும் முடியவில்லை, முன்னால் கொண்டுபோகவும் முடியவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மாமனார் வந்தார். மகன் நாற்காலிக்கு எதிரே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, பேத்தியின் மடியில், மீசைக்கு நேர் கீழே விரித்தார். மழித்த மகன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிடித்துப் பேச இனி அங்கே தாடி இல்லை, அதனால் கன்னத்தையே தொட்டார்.

"நான் சாகுறப்ப நீ எங்க இருப்ப?" என்று கேட்டார்.

"என்னப்பா பேசுறீக."

"சொல்லுடா. கடலுக்கு அங்கிட்டு இருப்ப. லீவு குடுப்பானோ மாட்டானோ, பிளேன் கெடைக்குமோ கெடைக்காதோ. என்னைய ஐஸ் பொட்டியில வச்சு, பூமி வந்துட்டானா வந்துட்டானான்னு ரோட்டப் பாத்துக்கிட்டு நிப்பாக. எனக்கு அது புடிக்கல."

"நல்ல நாளும் அதுவுமா, சாமி முன்னால இதென்ன பேச்சு பெரியப்பு" என்றாள் ஒருத்தி.

"சாமி முன்னாலதான் பேசணும், அதுக்குத்தான் பேசுறேன். எஞ் சாவுக்கு எம் மகன் எடுக்க வேண்டிய மீசைய இன்னைக்கே எடுத்துட்டான், நான் உசுரோட உக்காந்து வாங்கிக்கிட்டேன். எல்லாரும் கேட்டுக்கங்க. நான் போறன்னிக்கு இவன் வர வேணாம், மீசையோட அங்கனயே வேலையப் பாக்கட்டும். ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்லக் கூடாது."

என் வீட்டுக்காரர் வாயை மூடியிருந்த கையை எடுத்தார். கண்ணீர் மீசையில் இறங்கி, அதில் இருந்த சத்தத்தை நனைத்து, அது மெல்லச் சிணுங்கியது. மாமனார் தன் விரலால் அதைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எடு தாயி" என்றார். "எம் பேத்தி சிரிக்கிறத, அவ வாயால சிரிக்கிறத, கேக்கறதுக்கு எனக்குக் காது இருக்கறப்பவே எடுத்துரு."